ஆபரேஷனுக்கு முன்னால் முட்டு ஊசி: என் அனுபவம்

முட்டுக்கு ஊசி போடலாமா என்று எங்கள் ஊர்ப்பக்கம் யாரிடம் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில் வரும். ஒரே ஊசியில் எழுந்து ஓடலாம் என்பார்கள், அல்லது ஊசி போட்டால் எலும்பு உருகிவிடும் என்பார்கள். நான் இரண்டு வகை ஊசி போட்டுப் பார்த்தவள், மூன்றாவது ஒன்றை வேண்டாம் என்று சொன்னவள். என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதை எழுதி வைத்தால் முட்டு வலியோடு தவிக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என் வயது 63. குலசேகரம் பக்கம் வீடு. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து எழுந்து பழகிய கால்கள். எங்கள் ஊரில் நடப்பது என்றால் ஏறுவதும் இறங்குவதும்தான். ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறக்கம், வீட்டிலிருந்து ரப்பர் விளைக்கு ஏற்றம். மழை பெய்தால் சரளை வழுக்கும். ஏறும்போது வருகிற வலியைவிட இறங்கும்போது வருகிற வலி மோசம் என்பது முட்டு தேய்ந்தவர்களுக்குத் தெரியும். கோயிலில் முழங்காலிட முடியாமல் பெஞ்சிலேயே உட்கார ஆரம்பித்தபோதுதான் சரி, இனி டாக்டரைப் பார்க்காமல் ஆகாது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் வைத்தியம் பார்க்காமல் இல்லை. எங்கள் மாவட்டத்தில் வர்ம ஆசான்கள் இல்லாத ஊர் உண்டா? என் தம்பி அழைத்துப்போய் ஒரு ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவினேன். தொடையும் கெண்டைக்காலும் இளகி, இரவில் தூக்கம் வந்தது. அந்த ஆசான் நேர்மையான மனிதர். "தேஞ்சதை வளர வைக்க என்னால முடியாது, பிடிப்பைத்தான் எடுத்துத் தரலாம்" என்று சொல்லிவிட்டார். ஆனால் காகிதப் பொட்டலத்தில் பெயரில்லாத பொடி கொடுத்து, அன்று மாலையே வலி போகும் என்று சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாமல் தினம் சாப்பிட்டால் சர்க்கரை, பிரஷர், எலும்பு எல்லாமே கெடும்.

நாகர்கோவிலில் நான் பார்த்த எலும்பு டாக்டர் முதலில் செய்தது பழைய எக்ஸ்ரேயைத் தள்ளி வைத்ததுதான். அது படுத்துக்கொண்டு எடுத்த படம். உடம்பின் பாரம் முட்டின் மேல் இருக்கும்போது எடுத்தால்தான் உண்மை தெரியும் என்று நிற்க வைத்து எடுக்கச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். பழைய படத்தில் இருந்த இடைவெளி புதிய படத்தில் இல்லை. வலது முட்டின் உட்பக்கத்தில் மேல் எலும்பும் கீழ் எலும்பும் ஏறக்குறைய தொட்டுக்கொண்டிருந்தன. தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். 1957இல் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்த முறை, இன்றும் அதுதான் வழக்கம். எனக்கு வலது கால் 4ஐ நெருங்கிய 3, இடது கால் 2.

"அம்மா, வலது காலுக்கு என்றைக்காவது ஆபரேஷன் தேவைப்படும். இப்பவே வேணும்னு நான் சொல்ல மாட்டேன். ஊசி போட்டால் கொஞ்ச காலம் வலி குறையும். அந்தக் காலத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்" என்றார். இந்தக் கடைசி வரியை வேறு எந்த டாக்டரும் என்னிடம் சொன்னதில்லை. என் கால் இன்று இருக்கிற நிலைக்கு அந்த வார்த்தைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் போட்டது ஸ்டீராய்டு ஊசி. வலது முட்டில். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தினம் விழுங்குகிற மாத்திரைபோல உடம்பு முழுக்கப் போகாமல், பெரும்பாலும் மூட்டுக்குள்ளேயே வேலை செய்து வீக்கத்தை அடக்குகிற மருந்து இது. ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாள் வரை அளவு ஏறும். அதை டாக்டர் முன்கூட்டியே சொல்லி, வீட்டில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா, உடம்பில் எங்காவது புண் அல்லது காய்ச்சல் உண்டா என்றும் கேட்டார். டாக்டர் கேட்காவிட்டாலும் இதையெல்லாம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

ஊசி போடுவதற்கு ஆகிற நேரம் கொஞ்சம்தான். மல்லாந்து படுக்க வைத்து, முட்டுக்குக் கீழே ஒரு சுருட்டிய துணியை வைத்தார்கள். பழுப்பு நிற மருந்தால் முட்டைச் சுற்றித் துடைத்து, அது காயும்வரை காத்திருந்தார்கள். டாக்டர் முட்டுச் சில்லைக் கட்டைவிரலால் ஒரு பக்கமாகத் தள்ளிப் பார்த்து, வெளிப்பக்க ஓரத்தில் ஒரு இடத்தை அழுத்தி அடையாளம் வைத்தார். ஊசி ஏறும்போது சுருக்கென்று ஒரு வலி, அவ்வளவுதான். முதலில் மருந்து போகவில்லை. உள்ளே கட்டியிருந்த நீரை இழுத்தார்கள். வைக்கோல் நிறத்தில், நல்ல தெளிவாக இருந்தது. கலங்கலாக இருந்தால் கிருமி இருக்கலாம், அப்போது ஸ்டீராய்டு போடக்கூடாது, நீரைப் பரிசோதனைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார். பிறகு அதே ஊசி வழியாகவே மருந்தை ஏற்றினார்கள். முட்டு நிறைந்து இறுகுவதுபோல ஒரு அழுத்தம். ஒரு பஞ்சு, ஒரு பிளாஸ்டர். எழுந்து நடந்தே வெளியே வந்தேன்.

அன்று மாலை வலியே இல்லை. மகிழ்ச்சியில் துள்ள வேண்டாம், மருந்தோடு மரத்துப்போகிற மருந்தும் கலந்து போடுவார்கள், அதனால் வருகிற சுகம் அது. இரவில் வலி திரும்பி வந்தது, மறுநாள் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தேன். அதற்கு அடுத்து வந்த நாட்களில்தான் உண்மையான குறைவு தெரிந்தது. ஊசிக்குப் பிறகு முகம் சிவந்து சூடாக இருந்தது, அதுவும் தானாக அடங்கியது. சர்க்கரை சொன்னதுபோலவே ஏறி, சொன்னதுபோலவே இறங்கியது. முட்டு சிவந்து வீங்கி, காய்ச்சலும் வந்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். மூட்டுக்குள் கிருமி போவது அபூர்வம், ஆனால் போனால் ஆபத்து.

வலி குறைந்ததும் பக்கத்து வீட்டு மைனி கேட்டாள், "அப்போ ஆபரேஷன் வேண்டாம் இல்லியா?" எல்லோரும் இங்கேதான் தடுமாறுகிறோம். எலும்பு முனைகளை மூடியிருக்கிற வழவழப்பான குருத்தெலும்புதான் தேய்வது, அதை ஊசி வளர்ப்பதில்லை. சில வாரம், அதிகம் போனால் சில மாதம் வலியை அடக்கும். வலி அடங்கிய காலத்தில் தொடையின் முன்பக்கத் தசையை பலப்படுத்திக்கொண்டால் முட்டின் மேல் விழுகிற பாரத்தைத் தசை வாங்கிக்கொள்ளும். கடும் வலியோடு அந்தப் பயிற்சியைச் செய்வது கஷ்டம், அதனால்தான் ஊசிக்கு மதிப்பு. ஊசி போட்டுக்கொண்டு வழக்கம்போல விளைக்கும் சந்தைக்கும் நடந்தால் பணமும் போய் முட்டும் போகும்.

என் மகள் குவைத்தில் நர்ஸ். அவள்தான் போனில் ஒவ்வொன்றாக விளக்குவாள். 2017இல் வெளியான ஒரு ஆய்வில் 140 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டும் இன்னொரு பிரிவுக்கு வெறும் உப்புத் தண்ணீரும் இரண்டு வருடம் முட்டில் போட்டார்களாம். வலியில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. 2020இல் வந்த இன்னொரு ஆய்வில் 156 பேர். ஊசி போட்டவர்களைவிட பிசியோதெரபி செய்தவர்கள்தான் ஒரு வருடம் கழித்து நன்றாக இருந்தார்கள். "அம்மா, ஊசி கதவைத் திறந்து விடும், நடக்க வேண்டியது நீங்கதான்" என்றாள். அதனால் ஸ்டீராய்டை அடிக்கடி போடுவதில்லை என்று அப்போதே தீர்மானம் செய்துகொண்டேன்.

பயிற்சிக்கு என்று பெரிய சாமான் எதுவும் வேண்டாம். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, முட்டுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்திப் பத்து எண்ணும்வரை பிடிப்பேன். பிறகு மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்ற காலை நேராக ஒரு முழம் உயர்த்துவேன். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது மூன்றாவது. முதல் வாரத்தில் தொடை நடுங்கியது. பக்கத்துத் தெருவில் கட்டிலை விட்டு இறங்காத ஒரு பெரியம்மாவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். உங்கள் வீட்டில் வெளியே போக முடியாதவர்கள் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வீட்டிலும் சில மாற்றங்கள் செய்தேன். தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவும் பலகையை மேடையில் பூட்டுகிற துருவியாக மாற்றினேன். கழிப்பறையில் உட்காரும் வகையைப் போட்டோம். அந்தச் செலவுக்கு என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார், இப்போது முதலில் பயன்படுத்துவது அவர்தான். ஊன்றுகோலை வலிக்கிற காலின் பக்கம் பிடிப்பதுதான் பலருடைய பழக்கம். எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும். பஸ் படியில் ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது வலிக்கிற கால் முன்னால். எடையும் குறைத்தேன். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். மரச்சீனியும் மீனும் எங்கள் உயிர், மீனை வைத்துக்கொண்டு மரச்சீனியைப் பாதியாக்கினேன்.

ஸ்டீராய்டின் பலன் மங்கத் தொடங்கியபோது வேறொரு ஆஸ்பத்திரியில் ஜெல் ஊசி போடச் சொன்னார்கள். மூட்டில் இயற்கையாக உள்ள வழவழப்புத் திரவத்தின் முக்கியப் பொருளான ஹயலூரோனிக் அமிலம்தான் அது. ஒரு காலத்தில் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள், இப்போது நுண்ணுயிரிகளை வைத்தும் தயாரிக்கிறார்கள். ஸ்டீராய்டு மருந்தின் விலை சில நூறு ரூபாய், இது பல ஆயிரம். அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டியிலேயே இதை எல்லோருக்கும் வழக்கமாகப் போடப் பரிந்துரைக்கவில்லை என்று மகள் சொன்னாள். ஆனாலும் சர்க்கரையை ஏற்றாது, தேய்மானம் குறைவான முட்டில் சிலருக்குப் பலன் உண்டு என்பதால், இடது காலுக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். பலன் மெதுவாக வந்தது. இடது கால் இன்று நன்றாகவே இருக்கிறது. அது ஜெல்லாலா, பயிற்சியாலா என்று கேட்டால் பயிற்சி என்றுதான் என் மனம் சொல்கிறது. வலது கால்போல எலும்போடு எலும்பு தொட்டுவிட்ட முட்டில் அவ்வளவு பணத்தை இறக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மூன்றாவதாகச் சொன்னது நம்முடைய ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்து முட்டில் போடுவது. பி.ஆர்.பி. என்கிறார்கள். குருத்தெலும்பு மறுபடி வளரும் என்று சொன்னபோது எழுந்து வந்துவிட்டேன். ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் உப்புத் தண்ணீர் போட்டவர்களுக்கும் இதைப் போட்டவர்களுக்கும் வலியிலும் குருத்தெலும்பிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இடுப்பு வலிக்க ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த பணத்தை இப்படிப்பட்ட வாக்குறுதிகளை நம்பிக் கொண்டுபோய்க் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது.

இப்போது வலது காலுக்கு ஆபரேஷன் செய்வதென்று முடிவு செய்திருக்கிறேன். ஊசியும் பயிற்சியும் தோற்றுப்போனதால் எடுத்த முடிவு இல்லை. இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறது, கால் வெளிப்பக்கம் வளைந்துவிட்டது, இனி ஊசிக்கு அங்கே வேலை இல்லை. தொடைத் தசை பலமாக இருப்பதால் ஆபரேஷனுக்குப் பிறகு நடை சீக்கிரம் திரும்பும் என்கிறார் டாக்டர். முட்டில் ஊசி போட்டு மூன்று மாதமாவது ஆகாமல் ஆபரேஷன் செய்யக்கூடாது, கிருமி தொற்றும் வாய்ப்பு கூடும் என்பதால் கடைசியாக ஊசி போட்ட தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஆபரேஷனை நினைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டுக்கு விலை வரம்பு வைத்தது. அதிகம் பயன்படுகிற கோபால்ட் குரோமியம் வகை ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தது, வரிக்கு முன் 54,720 ரூபாயாக இறங்கியது. அதனால் பில்லில் முட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நடைமுறை மாறும்.

ஆபரேஷனுக்கு முன் உடம்பில் எங்கும் கிருமி இருக்கக்கூடாது என்பதால், இருந்த ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. மூன்று மாதச் சர்க்கரை சராசரி இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்கிறார்கள். அது இறங்கியதும் தேதி குறிப்பார்கள். மகள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள்.