இறால் கம்பெனி விளையாட்டுல இஆர்பி

இஆர்பின்னா ஒரு கம்பெனியோட கொள்முதல், ஸ்டோர், விற்பனை, கணக்கு எல்லாத்தையும் ஒண்ணா சேக்குற சாஃப்ட்வேர். எங்க பக்கம் இஆர்பி கிளாஸுக்கு வர்ற பசங்க கையில ஒரு நீள நோட்டு கண்டிப்பா இருக்கும். மிகோ, மிரோ, எம்ஈ21என், விஏ01னு எஸ்ஏபிங்கிற இஆர்பி சாஃப்ட்வேரோட கோடெல்லாம் வரிசையா எழுதி பக்கத்துல அது எதுக்குன்னு ஒரு வரி, ராமநாதபுரம் வர்ற பஸ்ல உக்காந்து அதை மனப்பாடம் பண்ணிக்கிட்டே வருவாங்க. கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம்னு கரையோரம் பூரா வளைகுடாவுக்கு வேலைக்குப் போற ஊரு, ஸ்டோர்கீப்பர் வேலையோ அக்கவுண்ட்ஸ் வேலையோ இன்டர்வியூல "எஸ்ஏபி தெரியுமா"ன்னு கேட்டுருவாங்க, அதுனால அந்த நோட்டு மேல பசங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன், கடன் வாங்கி ஃபீஸ் கட்டிட்டு வர்ற புள்ளைங்க. ஆனா சொல்லிக் கொடுக்குற விதத்துல எனக்கு ரொம்ப நாளா வருத்தம் இருக்கு. சேவ் பட்டனை அமுக்குனதும் அடுத்த ரூம்ல உக்காந்திருக்கவனுக்கு என்ன ஆகுதுன்னு அந்த நோட்டுல ஒரு வரி கூட இருக்காது, இஆர்பில படிக்கவேண்டியதே அதுதானே.

1972ல ஜெர்மனில ஐபிஎம்ல இருந்து வெளிய வந்த அஞ்சு பேரு எஸ்ஏபி ஆரம்பிச்சாங்க. (நம்ம எம்பீடாவும், அதாவது கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமும், அதே 1972ல வந்தது, மீன் ஏற்றுமதிக்காரங்களுக்கு இது ஞாபகம் வச்சுக்க சுலபம்.) அவங்க பிடிச்ச விஷயம் எளிசானது, ஒரு தகவலை ஒரு தடவை ஒரே இடத்துல போடணும், வாங்குறவன், ஸ்டோர்காரன், விக்கிறவன், கணக்குப் பாக்குறவன் எல்லாரும் அதையே பாக்கணும். இதை போர்டுல படம் போட்டு சொன்னா தலையாட்டுவாங்க. மறுநாள் கேட்டா மறுபடி கோடு தான் சொல்லுவாங்க.

கனடால மாண்ட்ரியல்ல ஹெச்ஈசின்னு ஒரு பிசினஸ் ஸ்கூல், அங்க பியர்-மஜோரிக் லெஜேங்கிற புரொஃபசரும் கூட இருந்தவங்களும் இதுக்குன்னே இஆர்பிசிம்னு ஒரு விளையாட்டு செஞ்சாங்க, விளையாட்டு வழியா இஆர்பி சொல்லிக் கொடுக்குறது பத்தி அவர் 2006லயே கட்டுரை எழுதியிருக்காரு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், சாஃப்ட்வேர் நிஜம், உண்மையான எஸ்ஏபி தான். கஸ்டமரும் மார்க்கெட்டும் மட்டும் கம்ப்யூட்டர் உருவாக்குறது. பசங்க டீம் டீமா உக்காந்து ஆளுக்கொரு கம்பெனி நடத்தணும். ஒரு விளையாட்டுல தண்ணி பாட்டில் விக்கணும், இன்னொண்ணுல மியூஸ்லின்னு காலைல பால்ல போட்டு சாப்பிடுற தானியக் கலவையை தயார் பண்ணி விக்கணும், இன்னொண்ணுல பால், தயிர், சீஸ்னு கெட்டுப் போற சரக்கு. கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும், அங்க ஒரு நாளுங்கிறது இங்க சில நிமிஷம் கூட இல்ல. விலையை மாத்தணும், விளம்பரத்துக்கு காசு போடணும், எம்ஆர்பி (பாக்கெட்டுல போடுற விலை இல்ல, மூலப்பொருள் தேவையைக் கணக்குப் போடுற வசதி) ஓட்டி மூலப்பொருள் எவ்வளவு வேணும்னு பாக்கணும், பிஓங்கிற கொள்முதல் ஆர்டர் போடணும், இதுக்குள்ள பக்கத்து டீம் விலையை குறைச்சுட்டா உங்க சரக்கு குடோன்லயே கிடக்கும். எல்லாம் முடிஞ்சதும் லாப நஷ்டக் கணக்கு எஸ்ஏபில இருந்தே வரும், வாத்தியார் மார்க் போட வேண்டிய அவசியமே இல்ல.

இதை நம்ம ஊர்ல அப்படியே வைக்க முடியாது. எஸ்ஏபியோட யூனிவர்சிட்டி திட்டத்துல காலேஜ் சேரணும், அதுக்கு கட்டணம் இருக்கு, நான் கிளாஸ் எடுக்குற மாதிரி சின்ன இடத்துக்கு அது எட்டாது. அதுனால இஆர்பிநெக்ஸ்ட் எடுத்துக்கிட்டேன், மும்பைல ஃப்ராப்பேங்கிற கம்பெனி உருவாக்குன ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். ஒரு லேப்டாப்புல அதை ஏத்திட்டா மத்தவங்க வைஃபைல பிரௌசர் வழியா உள்ள வந்துரலாம், சில பேர் போன்லயே வேலை பாக்குறாங்க. திரை வேற மாதிரி இருக்கும், உள்ள நடக்குறது அதே தான்: பிஓ, சரக்கு வரவு, இன்வாய்ஸ், பேமெண்ட்.

தண்ணி பாட்டிலுக்கும் மியூஸ்லிக்கும் பதிலா நான் இறால் கம்பெனி வச்சேன். அஞ்சு நாற்காலி: ஏலத்துல வாங்குறவர், ஸ்டோர், பீலிங் ஷெட் (இறால் தலை கிள்ளி ஓடு உரிக்கிற இடம்), சேல்ஸ், அக்கவுண்ட்ஸ். நடுவுல ஒரு கட்டு அட்டை, ரவுண்டுக்கு ஒண்ணு எடுத்து வைப்பேன். "இன்னிக்கு விசைப்படகு கடலுக்குப் போகல", "காத்து ஜாஸ்தி, கடலுக்குப் போக டோக்கன் குடுக்கல", "ஐஸ் விலை ஏறிடுச்சு", "ஃப்ளவர் இறால் எதிர்பாத்ததுக்கு மேல வரத்து". கடைசி ரவுண்டுக்கு எப்பவும் ஏப்ரல் 15 அட்டை, அங்கருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு எதுவும் இறங்காது. பசங்க அந்த அட்டை வரும்னு தெரிஞ்சே விளையாடுறாங்க, தெரிஞ்சும் சேல்ஸ்ல உக்காந்திருக்கவங்க மே மாசத்துக்கு ஆர்டர் ஒத்துக்கிட்டு, கோல்டு ஸ்டோரேஜ்ல எவ்வளவு இருக்குன்னு பாக்காம விட்டுட்டு முழிப்பாங்க. எம்ஆர்பி எதுக்குன்னு அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை விளக்க வேண்டியது இல்ல.

ஒரு ரவுண்டுல நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன். வாங்குற நாற்காலில தங்கச்சிமடத்துப் பையன், 200 கிலோவுக்கு பிஓ போட்டான். ஸ்டோர்ல இருந்தவன் எடை அட்டையை திருப்பிப் பாத்தா 186 கிலோ, ஐஸ் தண்ணி வடிஞ்சு எடை இறங்கியிருக்கு. அவன் அதை பேப்பர்ல குறிச்சு வச்சுட்டு, சிஸ்டத்துல சரக்கு வரவு போடாம அடுத்த லோடுக்குப் போயிட்டான். சேல்ஸ் பொண்ணு ஸ்டாக் பாக்குது, பூஜ்யம். ஆர்டரை திருப்பி அனுப்புது. அந்தப் பக்கம் படகு ஓனரா ஒருத்தனை உக்கார வச்சிருந்தேன், அவன் வந்து அக்கவுண்ட்ஸ் மேஜையைத் தட்டுறான், "தங்கச்சி, டீசலுக்கு காசு குடுக்கணும், என் பில்லு என்னாச்சு?" அவ இன்வாய்ஸ் போடப் போறா, சிஸ்டம் விடமாட்டேங்குது, சரக்கு வரவு இல்லாம இன்வாய்ஸ் போடக்கூடாதுன்னு செட்டிங்குல நான் முன்னாடியே வச்சிருந்தேன். அக்கவுண்ட்ஸ்ல இருந்தது கீழக்கரைப் பொண்ணு, கிளாஸ்ல வாயே திறக்காத புள்ள, எழுந்து ஸ்டோரைப் பாத்து "நீ எண்ட்ரி போடலேன்னா நான் எப்படி காசு குடுக்குறது, அவரு என் மேஜையைத் தட்டிக்கிட்டு நிக்கிறாரு"ன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. மொத்த ரூமும் அமைதியாகி, அவன் போய் 186னு போட்டான். உடனே ஸ்டாக் ஏறிச்சு, சேல்ஸ்ல "வந்துருச்சு வந்துருச்சு"ன்னு குரல், இன்வாய்ஸ் போக வழி விட்டுச்சு. அதுக்கப்புறம் தான் உண்மையான சண்டை: பிஓ 200, வரவு 186, ஓனர் பில்லு 200. எந்த எடைக்கு காசு? இந்த மூணையும் ஒத்துப் பாக்குறது தான் எல்லா இஆர்பிலயும் கொள்முதலோட உயிர்நாடி, அன்னிக்கு அது அவங்களுக்கு சொந்தச் சண்டையா ஆயிடுச்சு.

சரக்கோட பேரு இன்னொரு பாடம். முதல் ரவுண்டுல ஐட்டம் மாஸ்டரை, அதாவது சரக்குப் பேரோட பட்டியலை, அவங்களையே உருவாக்கச் சொல்வேன், வேணும்னே விதி எதுவும் குடுக்கறதில்ல. ஒருத்தன் "வெள்ளை இறால்"னு போடுவான், இன்னொருத்தன் "ஒயிட்"னு, மூணாவது ஆளு "வெ.இறால் 30 கவுண்ட்"னு. அரைமணி நேரத்துல ஸ்டாக் மூணா பிரிஞ்சு கிடக்கும், குடோன்ல சரக்கு இருந்தும் சேல்ஸுக்கு பத்தாதுன்னு காட்டும். பெரிய கம்பெனிகள்ல இஆர்பி போட்டு சொதப்புறதுக்கு இந்த மாஸ்டர் டேட்டா குழப்பம் ஒரு முக்கியமான காரணம். வளைகுடாவுக்குப் போற புள்ளைங்க வேற எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாதுன்னு நெனைக்கிறேன்.

இறால் எடுத்ததுல நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் கிடைச்சுது. பாடப்புத்தகத்துல வர்ற உதாரணமெல்லாம் சேக்குற வேலை, நாலு பொருளை சேத்து ஒரு பொருள், சைக்கிள், மேஜை, மியூஸ்லி. மீன் தொழில்ல எல்லாம் பிரிக்கிற வேலை. ஒரு கூடை இறால் உள்ள போனா தலை கிள்ளி, கவுண்ட் (ஒரு எடைக்கு எத்தனை இறால் நிக்குதுங்கிற அளவு) பிரிச்சு, பெருசு சின்னது உடைஞ்சதுன்னு நாலஞ்சு சரக்கா வெளிய வரும், தலையும் ஓடும் தனியா போகும். தலை கிள்ளுனாலே எடைல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிடும், அப்ப ஒரு கிலோ தலையில்லாத இறாலுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல பச்சை இறால் வேணும். வாங்குன விலையை இந்த நாலஞ்சு சரக்குக்கும் எப்படி பங்கு போடுறது? எடைக்குத் தகுந்தாப்புலயா, விக்கிற விலைக்குத் தகுந்தாப்புலயா? இஆர்பிநெக்ஸ்ட்ல ரீபேக்னு ஒரு ஸ்டாக் எண்ட்ரி இருக்கு, அதை வச்சு தான் இதை செய்யறோம். மண்டபம் பக்கத்துல இருந்து வர்ற ஒரு பொண்ணோட அம்மா நண்டுக் கம்பெனில சதை எடுக்குற வேலை, ஒரு கிலோ நண்டுல எவ்வளவு சதை நிக்கும், எந்தப் பகுதி சதைக்கு விலை கூடன்னு அந்தப் பொண்ணு எல்லாருக்கும் வெளக்குனப்ப காஸ்டிங் சொல்லிக் கொடுக்க அன்னிக்கு என்னைவிட நல்ல ஆளு அதுதான்னு தோணுச்சு. கடைசி பெஞ்சுல உக்காந்திருந்த புள்ள, இப்ப பீலிங் ஷெட் நாற்காலிக்கு எல்லா டீமும் கூப்பிடுது.

ஒவ்வொரு லோடுக்கும் தனியா போடுற பேட்ச் நம்பரும் இப்படித்தான் புரிஞ்சுது. ஐரோப்பாவுக்கு கடல் மீன் அனுப்பணும்னா 2010ல இருந்து எந்தப் படகு பிடிச்சதுன்னு சான்றிதழ் வேணும், நம்ம நாட்டுல எம்பீடா வழியா அது வாங்கணும். அதை விளையாட்டுல ஒரு அட்டையா வச்சேன், "பையர் கேக்குறாரு, இந்தப் பெட்டி எந்தப் படகு?" சரக்கு வரவுலயே பேட்ச் போட்டு வச்ச டீம் ரெண்டு க்ளிக்ல பதில் சொல்லிடும். போடாத டீமுக்கு அந்த லோடு முழுக்க திரும்பும், ஏற்றுமதி லாரில வேலை பாத்த அண்ணன் தம்பி வச்சிருக்க புள்ளைங்க அந்த அட்டைக்கு ரொம்ப பயப்படுவாங்க.

கம்ப்யூட்டர் இல்லாத நாளுக்கு, கரண்ட் போன நாளுக்கும், எம்ஐடில ஜே ஃபாரஸ்டர் 1960கள்ல கொண்டு வந்த பீர் கேமை எடுத்துக்குவேன், பீருக்குப் பதிலா நன்னாரி சர்பத் பாட்டில். கடைக்காரர், மொத்த வியாபாரி, டிஸ்ட்ரிபியூட்டர், ஃபேக்டரி, நாலு பேரும் பேசிக்கக்கூடாது, சீட்டு மட்டும் நகரும். வாரம் 4 பெட்டி போய்க்கிட்டிருந்த கடைல அஞ்சாவது வாரம் 8 ஆகும், அதோட சரி, அப்புறம் கடைசி வரை 8 தான். அந்த ஒரு சின்ன மாத்தம் ஃபேக்டரிக்குப் போய் சேரும்போது பயத்துல ஒவ்வொருத்தரும் கூட்டிக் கூட்டி போட்டு மலை மாதிரி ஆயிருக்கும். நாலு பேரும் ஒரே கணக்கைப் பாத்திருந்தா இது எவ்வளவு குறைஞ்சிருக்கும்னு கேட்டுட்டு தான் இஆர்பி திரையைத் திறப்பேன்.

இதை செஞ்சு பாக்க நெனைக்கிற வாத்தியார்களுக்கு ரெண்டு விஷயம் அழுத்திச் சொல்லணும். ஒண்ணு, ரவுண்டுக்கு ரவுண்டு நாற்காலி மாத்துங்க. விட்டா டீம்ல கெட்டிக்காரப் பையன் ஒருத்தன் எல்லார் லாக்இன்னையும் எடுத்து ஓட்டிடுவான், டீம் ஜெயிக்கும், மத்த நாலு பேரு வேடிக்கை பாத்துட்டு வீட்டுக்குப் போவாங்க, அதுலயும் பொம்பளப் புள்ளைங்களைத் தான் முதல்ல ஒதுக்குவாங்க, நான் இதுல ரொம்ப கண்டிப்பு. இன்னொண்ணு, விளையாடுன நேரம் அளவுக்கு பேசுற நேரமும் வேணும். அந்த 186 கிலோவை எடுத்து, ஸ்டாக் லெட்ஜர்ல (சரக்குக் கணக்கு) எங்க நிக்குது, ஜெனரல் லெட்ஜர்ல (பணக் கணக்கு) எந்த ரெண்டு கணக்குல ஏறியிருக்குன்னு எல்லாரும் திரைல விரல் வச்சு தேடணும். அவசரத்துல இதை விட்டுட்டா அன்னிக்கு சத்தமும் சிரிப்பும் மட்டும் தான் மிஞ்சும்.

அடுத்து வர்ற பசங்களுக்கு முன்பணத்தை விளையாட்டுக்குள்ள கொண்டு வரப் போறேன். நம்ம கரைல வியாபாரி படகு ஓனருக்கு வலைக்கும் எஞ்சினுக்கும் முன்கூட்டியே காசு குடுத்துட்டு மீனை தனக்கே போடணும்னு வச்சுக்குவாரு, விலையும் கொஞ்சம் குறைச்சுத் தான் நிக்கும். சப்ளையர் அட்வான்ஸ்னு இஆர்பில ஒரு கணக்கு திறக்கலாம், ஒவ்வொரு பில்லுலயும் கொஞ்சம் கழிக்கலாம், ஆனா விலைல குறையற அந்த ரூபாய் எந்தக் கணக்குல வரும்னு கேட்டதுக்கு பசங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிக்கிறாங்க. அது வட்டி தான்னு படகு வீட்டுப் புள்ளைங்க, அது கொள்முதல் விலை தான்னு வியாபாரி வீட்டுப் புள்ளைங்க. ரெண்டு விதமாவும் எண்ட்ரி போட்டு, கடைசில ஓனர் கணக்கு ரெண்டுலயும் என்ன காட்டுதுன்னு பாக்கலாம்னு சொல்லியிருக்கேன். அட்டைகளோட மாதிரியும் இஆர்பிநெக்ஸ்ட் செட்டிங்கும் வேணுங்கிறவங்க கேளுங்க, அனுப்பி வைக்கிறேன், உங்க ஊரு சரக்கு உப்போ கருவாடோ தேங்காயோ அதுக்குத் தகுந்தாப்புல மாத்திக்கிட்டா போதும்.