வட்டத்தை 12ஆகப் பிரித்தால் 12 நிறம் வராது

ஆய்விதழ்களுக்கு லேடெக் என்ற மென்பொருளில் பக்கம் அமைக்கும் வேலை என்னுடையது. கட்டுரையாளர்கள் அனுப்பும் படங்களைப் பெரும்பாலும் அதன் படம் வரையும் தொகுப்பான டிக்ஸில் திரும்ப வரைவோம். ஒரே படத்தில் பன்னிரண்டு துண்டு, பன்னிரண்டு கோடு என்று வரும்போது நிறத்துக்கு எங்கே போவது?

லேடெக்கின் நிறத் தொகுப்பான எக்ஸ்கலரில் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. சிவப்பின் பெயருக்குப் பக்கத்தில் 'வீல், 1, 12' என்று சேர்த்தால், நிறவட்டத்தை (சிவப்பை 0 பாகையில் வைத்து நிறங்களைச் சுற்றி அடுக்கிய வட்டம்) பன்னிரண்டாகப் பிரித்து ஒரு படி, அதாவது 30 பாகை, தள்ளியிருக்கும் நிறத்தை எடுத்துத் தரும். எண்ணை மாற்றி மாற்றிச் சுழல விட்டால் பன்னிரண்டும் வந்துவிடும்.

வரும், ஆனால் இடைவெளி கணக்கில்தான் சமம், கண்ணுக்கு இல்லை. 90, 120, 150 பாகை மூன்றுமே பார்க்கிறவருக்குப் பச்சைதான். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மூன்றும் முதல் 60 பாகைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். இதற்காகவே 'ட்வீல்' என்று இன்னொன்று உண்டு. அது ஓவியர்களின் வட்டம் மாதிரி மஞ்சளை 120க்கும் பச்சையை 180க்கும் தள்ளிவைக்கிறது, நீலம் 240இலேயே இருக்கும். பச்சைக் கூட்டம் கொஞ்சம் கலையும்.

ஆனால் பெரிய தொல்லை வெளிச்சத்தில்தான். முழு மஞ்சளுக்கும் முழு நீலத்துக்கும் இந்த நிறவட்டக் கணக்கில் பிரகாசம் ஒன்றேதான், 1. திரையில் அளந்தால் வெள்ளையை 1 என்று வைத்து மஞ்சள் 0.93, நீலம் 0.07! வெள்ளைத் தாளில் மெல்லிய மஞ்சள் கோடு போட்டால் அது இருப்பதே தெரியாது, அப்புறம் மூன்றாவது கோடு எங்கே என்று கேள்வி வரும். அதனால் மஞ்சள், சியான் (பச்சைநீலம்), பச்சை மூன்றிலும் கையாலேயே கறுப்பு கலந்துவிடுகிறேன்.

கோடுகளுக்கு இப்போதெல்லாம் வட்டத்தையே தொடுவதில்லை. ஒகாபே, இத்தோ என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் இருவரும் நிறக்குறைபாடு உள்ளவர்களை மனதில் வைத்துத் தேர்ந்த எட்டு நிறங்கள் போதும், அவற்றில் சம இடைவெளி என்ற பேச்சே இல்லை. எட்டைத் தாண்டினால் புள்ளிக்கோடு, இல்லையென்றால் கோட்டின் நுனியிலேயே பெயர்.

வட்டம் உண்மையிலேயே பொருந்துவது சுற்றி வரும் தரவுக்கு: மாதங்கள், காற்றின் திசை, அலையின் கட்டம். டிசம்பருக்கு அடுத்து ஜனவரி வருவதால் நிறமும் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். காற்றுத் திசைப் படமென்றால் நான் பழைய 'வீல்'தான் போடுகிறேன், ஏனென்றால் அதில் வடக்குக்குச் சிவப்பு கொடுத்தால் தெற்குக்கு நேர் எதிர்நிறமான சியான் தானாகவே வந்துவிடும், கறுப்பு மட்டும் கலந்தால் போதும்.