மூணு விசில்

போகிப் பண்டிகையன்று பாங்காக்கை மூடிவிட்டார்கள்.

2014 ஜனவரி 13, திங்கட்கிழமை. சீலோம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் குடிவந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காயல்பட்டினத்துக்காரர் ஒருவரிடம் வேலை; அவர் ரத்தினக் கல் வியாபாரம் பார்க்க, நான் கணக்கு எழுதுவேன். பிரதமரை எதிர்த்துப் போராடுகிறவர்கள் ஊரையே முடக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கும்பகோணத்துப் பழக்கத்தில் பால், பிரெட், மெழுகுவர்த்தி, இரண்டு டஜன் முட்டை எல்லாம் வாங்கி அடுக்கினேன். காலையில் போய்ப் பார்த்தால் ரோட்டு முனையில் மேடை, பாட்டு, இலவசச் சாப்பாடு. நடைபாதை நெடுக தாய்லாந்தின் மூவர்ணக் கொடி போட்ட தலைப்பட்டை, கைப்பட்டை, கயிற்றில் கோத்த விசில் என்று கடை விரித்திருந்தார்கள். நம்மூரில் பந்த் என்றால் ஷட்டர் இறங்கும். இங்கே புதுக்கடை முளைக்கிறது. மேலே ஸ்கைட்ரெயின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க எனக்கு ஆம்லெட்தான்.

சண்டை என்னவென்றால், பிரதமர் யிங்லக் 2013 டிசம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தைக் கலைத்து, பிப்ரவரி 2 தேர்தல் என்றார். அப்போது வெளிநாட்டில் இருந்த அண்ணன், முன்னாள் பிரதமர் தக்சினைத் திரும்பக் கொண்டுவரத்தான் பொதுமன்னிப்புச் சட்டம் போடப் பார்த்தார்கள் என்று கோபம் ஏற்கெனவே கிளம்பியிருந்தது. முன்னாள் துணைப் பிரதமர் சுதேப் கூட்டத்தைத் திரட்டி, முதலில் சீர்திருத்தம், அப்புறம்தான் தேர்தல் என்றார். எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி போட்டியிடவே இல்லை. தேர்தல் வேண்டாம் என்று ஜனங்கள் தெருவில் உட்கார்ந்ததை நான் அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். நம்மூரில் தேர்தல் வந்தால் பிரியாணியாவது வரும்.

ஆனால் என்னைப் படுத்தியது அரசியல் இல்லை, விசில்தான். தாய்லாந்து மொழியில் அதற்கு நொக்வீட் என்று பெயர். நொக் என்றால் பறவை. பிடிக்காத அமைச்சரைக் கண்டால் ஊது, தலைவர் பேச்சில் வேகம் பிடித்தால் ஊது, போரடித்தாலும் ஊது. எனக்கோ விசில் என்றால் கண்டக்டர். ஒன்று அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். முதல் நாள் இரட்டை விசில் கேட்ட ஒவ்வொரு முறையும் கை தன்னால் மேலே போய்க் கம்பியைத் தேடியது. தஞ்சாவூர் கடைசி பஸ், பாபநாசத்தில் ஏறும் வெற்றிலைக் கட்டு வாசனை... சரி, அது இருக்கட்டும்.

மறுநாள் பொங்கல். குக்கரில் பொங்கல் வைத்தேன். வெண்கலப் பானைக்கு எங்கே போவது? மூணு விசில் கணக்கு. வெளியே ஊர்வலம் போனது. ஒன்று எண்ணினேன், இரண்டு எண்ணினேன், அதற்குள் தெருவிலிருந்து நாற்பது வந்தது. எது என்னுடையது, எது சுதேப்புடையது என்று புரிவதற்குள் அடிப்பிடித்துவிட்டது. அம்மா போனில் கேட்டாள், "எத்தனை விசில் விட்டே?" என்ன சொல்வது?

அம்மா அனுப்பிய புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன். நல்ல சிவப்பு. கீழே வாட்ச்மேன் கையை விரித்து மறித்தார். அவரை நான் லுங் என்று கூப்பிடுவேன், பெரியப்பா முறை. "சீ டேங், மாய் தீ" என்றார். எனக்கு அப்போது தெரிந்த தாய்லாந்து மொழி, சோறு வாங்க மட்டும்தான் போதும். தலையாட்டிவிட்டு நடந்தேன். சிவப்பு ஆகாது என்று சொல்லியிருக்கிறார்: சிவப்புச் சட்டை என்றால் தக்சின் பக்கம். மேடைக்குப் பக்கத்து ஸ்டேஷனின் பெயரே சாலா டேங், சிவப்புச் சாவடி. அதை மட்டும் யாரும் மறிக்கவில்லை.

பத்தடி போவதற்குள், தலைப்பட்டை கட்டிய ஒரு பாட்டி என்னைப் பார்த்து நீளமாக ஒரு விசில் அடித்தாள். ஒற்றை விசில். நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன், ஸ்டாப்பிங் வந்தது மாதிரி. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கிட்டே வந்து என் மணிக்கட்டில் ஒரு மூவர்ண நாடாவைக் கட்டிவிட்டுப் போனாள். அந்தக் கோலத்தோடுதான் மாரியம்மன் முன்னால் போய் நின்றேன். தாய்லாந்துக்காரர்கள் அந்தக் கோயிலை வாட் கேக் என்பார்கள். கேக் என்றால் விருந்தாளி. நம்மையும் அப்படித்தான் சொல்வது. அம்மன் கட்டியிருந்ததும் சிவப்புதான்.

விளையாட்டாகவே போய்விடவில்லை. 17ஆம் தேதி ஊர்வலத்தில் குண்டு வீசினார்கள், ஓர் உயிர் போனது. அப்புறம் அவசரநிலை. நானும் சாம்பல் கலர் சட்டைக்கு மாறினேன்.

பிப்ரவரி 2க்கு லுங் லீவு போட்டார். வடகிழக்குத் தாய்லாந்தான இசானில், உடோன் தானிப் பக்கம் அவர் ஊர். ராத்திரி பஸ்ஸில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, பசை போல ஒட்டும் அரிசிச் சோறு ஒரு பொட்டலத்தோடு திரும்பினார். பாங்காக்கில் பல இடங்களில் ஓட்டுப் பெட்டியே போய்ச் சேரவில்லை. அவர் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. மார்ச் 21 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் தேர்தலே செல்லாது என்றது. நாடு முழுக்க ஒரே நாளில் நடக்கவில்லையாம். அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அந்தப் பெரியவர் பஸ் சார்ஜ்?" என்றாள்.

ஏப்ரல் 24 நம்மூரில் ஓட்டு. போகவில்லை, நான் இங்கே செட்டில் ஆகிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூட பூத்தில் ஏஜென்ட் பையன் என் பேரைப் படித்துவிட்டு, "உங்க பையன் வரலையாம்மா?" என்று கேட்டானாம். அன்று முழுக்க விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 22 ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ராத்திரி பத்திலிருந்து காலை ஐந்துவரை ஊரடங்கு, ஐந்து பேரோ அதற்கு மேலோ அரசியலுக்காகக் கூடக் கூடாது. சீலோமில் நாய் குரைத்தால்கூடக் கேட்கும். தூக்கம் வராமல் பதினோரு மணிக்குச் சாம்பார் சாதம் வைத்தேன். முதல் விசில் வந்த கையோடு கதவு தட்டப்பட்டது. லுங், கையில் டார்ச், முகத்தில் கலவரம். "நொக்வீட்?"

குக்கரைக் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அணைத்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன். எத்தனை என்று விரலால் கேட்டார். மூணு என்று காட்டினேன். டார்ச்சை அணைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னும் இரண்டு பாக்கி இருந்தது.