பழைய கப்சாயில் கேமரன் மலை: நிதிப் பயணத்துக்கு வண்டியும் கணக்கும்

டையாலிசிஸ் செய்துகொள்பவர் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் மையத்தில் படுத்திருக்க வேண்டும். பஸ் ஓடாத தோட்டங்களில் இருப்பவர்களுக்கு, போய்வரும் வண்டிச் செலவே பெரிய சுமை. அதற்காகக் கூட்டாளிகளோடு மோட்டார் ஓட்டி நிதி திரட்டப் பெரிய வண்டி வேண்டியதில்லை. வீட்டுப் பின்புறம் கிடக்கும் கப்சாய், அதாவது ஹோண்டா சி70 அல்லது ஈஎக்ஸ்5 போன்ற சின்ன மோட்டார் சைக்கிள், போதும். வண்டியில் மிச்சமாகும் காசு நோயாளிக்குப் போகட்டும்.

ஆனால் மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து 59ஆம் எண் சாலையில், கேமரன் மலை மேலுள்ள தானா ராத்தா ஊர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். உயரம் 1,400 மீட்டருக்கு மேல். தோட்டத்து மண்பாதையில் குறையில்லாமல் ஓடும் வண்டியும் இந்த ஏற்றத்தில் திணறலாம்.

முதலில் கிளட்ச். முறுக்கினால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. வலப்பக்க மூடியில் உள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, நடுத் திருகை வலப்பக்கம் ஒரு சுற்று திருப்புங்கள். பிறகு லேசாகத் தடுக்கும்வரை இடப்பக்கம் கொண்டுவந்து, மறுபடி வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு சுற்று. திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். அப்படியும் வழுக்கினால் தட்டுகள் தேய்ந்துவிட்டன, மாற்றத்தான் வேண்டும். எண்ணெய் டப்பாவில் ஜாசோ எம்ஏ (மோட்டார் சைக்கிள் கிளட்ச்சுக்கு ஏற்ற எண்ணெய் என்ற தரக்குறி) என்று போட்டிருக்கிறதா பாருங்கள்; இந்தக் கிளட்ச் எண்ணெயிலேயே ஊறியிருப்பதால், கார் எண்ணெய் ஊற்றினால் வழுக்கும் வாய்ப்பு அதிகம்.

அடுத்து வால்வு. இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் டி குறியைச் சரியாக நிறுத்தி, இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். இடைவெளி இல்லாத வால்வு சூட்டில் முழுதாக மூடாது. பாதி ஏற்றத்தில் சக்தி போய்விடும். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். பாயிண்ட் (பிளக்கில் தீப்பொறி எழ மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) உள்ள பழைய சி70 என்றால் அதையும் தேய்த்துச் சரிசெய்யுங்கள்.

செயின் நடுவில் 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆடினால் போதும். கம்பி ரிம்முக்கு டியூப் கட்டாயம். முன், பின் இரண்டு அளவிலும் மாற்று டியூப், டயர் நெம்பி இரண்டு, காற்றுப் பம்ப், பின் அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் இவை போமென் (மெக்கானிக்) வண்டியில் இருக்கட்டும். அந்த வண்டி கடைசியில்தான் வர வேண்டும். முன்னால் போனால் பழுதானவருக்கு உதவி கிடைக்காது.

காலையிலேயே கிளம்புங்கள், மலையில் மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான். டேங்க் சிறியது, தாப்பாவில் நிரப்பிவிடுங்கள். லாத்தா இஸ்கண்டார் அருவியில் நிறுத்தி இன்ஜினை ஆறவிடுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குக் கவலை. டிரம் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். குறைந்த கியரில் இன்ஜின் இழுவையிலேயே இறங்கிக்கொண்டு, பிரேக்கைத் தேவைக்கு மட்டும் விட்டுவிட்டுப் பிடியுங்கள். கியர் பெடலை மிதித்தபடியே வளைவில் நுழையக் கூடாது: மிதித்திருக்கும்வரை கிளட்ச் விலகியிருக்கும், இழுவை இல்லாமல் வண்டி ஓடும். எதிரில் காய்கறி லாரி வரும் சாலை இது. புறப்படும் முன் பிரேக் ஷூ தேய்மான அம்பைப் பாருங்கள். குறியைத் தொட்டிருந்தால் அந்த வண்டி வர வேண்டாம். சாலை வரியும் காப்புறுதியும் இல்லாத வண்டிக்கும் அதே விதி, நெருங்கிய நண்பருடையதாக இருந்தாலும்.

பணத்துக்கு வருவோம். கிலோமீட்டருக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) தருவதாக நன்கொடையாளரிடம் வாக்குறுதி கேட்க வேண்டாம். சாகக் கிடக்கும் இன்ஜினை அடித்து ஓட்டத் தூண்டும் முறை அது. ஆளுக்கு ஒரே தொகை, வண்டி பாதியில் நின்றாலும் அதே தொகை என்று பேசுங்கள். உண்டியல் ஏந்தித் தெருவில் வசூலிக்க, 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காவல்துறை உரிமம் வேண்டும். கூட்டமாக ஓட்டுவதையும் காவல் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொடுப்பவருக்கு வரிக்கழிவு ரசீது வேண்டுமென்றால், வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற மையத்துக்கே அவர் நேராகச் செலுத்தட்டும். பெட்ரோல், சாப்பாடு, டியூப் எல்லாம் ஓட்டுபவர் கைக்காசு. வசூலில் தொடக் கூடாது. ஒரு வாரத்துக்குள் வரவு விவரத்தையும் மையம் தந்த ரசீதையும் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.