மாடி வீடு காலியான நாட்கள்

ஜூன் 3, 2025
காலையில் மாடியில் குடியிருக்கும் தம்பி இறங்கி வந்தார். "அம்மா, ஹைதராபாத்தில் வேலை கிடைத்துவிட்டது. சனிக்கிழமை காலி செய்கிறோம்" என்றார். ஜனவரி முதல் பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தம். எட்டு மாதம் முடியும் முன் காலி செய்தால் அதில் மீதியுள்ள மாத வாடகையைத் தந்துவிட வேண்டும் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்திருக்கிறோம். வாடகை 9,000, அட்வான்ஸ் 27,000. என் கணவருக்குப் பிறகு என் மருந்துச் செலவும் வீட்டு வரியும் இந்த வாடகையில்தான் ஓடுகின்றன. நல்ல வேலை கிடைத்திருக்கிறது, வாழ்த்தினேன். ஆனால் நான்கு நாள் அவகாசம் எனக்குப் பெரிய அடி.

ஜூன் 7
மினி லாரியில் சாமான் போய்விட்டது. ஜூன் வாடகை வரவில்லை. கதவில் அவர்கள் பூட்டு. ஜன்னல் வழியே பார்த்தால் கட்டிலும் நீல டிரம்மும் அப்படியே கிடக்கின்றன. என் உறவில் தம்பி முறையாகும் ஒருவர் பூட்டை உடைக்கச் சுத்தியலோடு வந்து நின்றார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 9
வக்கீலைப் பார்த்தேன். பூட்டை உடைக்காதது நல்லதாயிற்று என்றார். சாவி கைக்கு வரும்வரை வீடு சட்டப்படி அவர்கள் அனுபவத்தில்தான் இருக்கிறதாம். உடைத்திருந்தால் வழக்கு என் மேல் திரும்பியிருக்கும்.

அட்வான்ஸ் முழுவதையும் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்துப் போனேன். அதற்கு அவர் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவைக் காட்டினார். பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். இழப்பு இருந்தால்தான் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றமும் 2015-இல் சொல்லியிருக்கிறது. 73-ஆவது பிரிவின்படி, இழப்பைக் குறைக்க நான் என்ன முயற்சி எடுத்தேன் என்றும் பார்ப்பார்களாம். வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு ஆகஸ்ட் வரை வாடகை கேட்க முடியாது. அட்வான்ஸ் போதாமல் போனால் நோட்டீஸ் அனுப்பி வழக்குப் போடலாம்; வாடகைப் பாக்கிக்கு மூன்று ஆண்டு கெடு இருக்கிறது.

திரும்பும் வழியிலேயே டு-லெட் போர்டு எழுதக் கொடுத்தேன்.

ஜூன் 14
தம்பியின் நண்பர் வந்து கட்டிலையும் டிரம்மையும் எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார். வெறுமனே வாங்கினால் பாக்கியையும் விட்டுக்கொடுத்ததாக நாளை வாதம் வரலாம் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். "சாவி பெற்றுக்கொண்டேன், வர வேண்டிய தொகைக்கான என் உரிமையை விடவில்லை" என்று இரண்டு பிரதி எழுதி, இரண்டிலும் அந்த நண்பரிடம் கையெழுத்து வாங்கினேன்.

உள்ளே சமையலறைச் சுவரில் குழந்தையின் உயரத்தைப் பென்சிலால் குறித்திருக்கிறார்கள். மூன்று கோடுகள். அதற்குப் பணம் பிடிக்க மனம் வரவில்லை.

ஜூன் 22
ஒருவரும் வரவில்லை. ஆனியிலேயே யோசிக்கிறார்கள், ஆடி பிறந்துவிட்டால் ஆவணி வரை யாரும் குடிவர மாட்டார்கள் என்கிறார் புரோக்கர். இரவில் தூக்கம் இல்லை.

ஜூன் 29
கோயிலுக்குப் போய்விட்டு வந்த கையோடு ஒரு நர்சம்மாவும் அவர் கணவரும் வீடு பார்த்தார்கள். கிறிஸ்தவக் குடும்பம், ஆனி, ஆடி பார்ப்பதில்லை. அதே வாடகை, ஜூலை 10 முதல். நிம்மதி.

ஜூலை 5
காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். கணக்குப் போட்டேன். ஜூன் வாடகை 9,000. ஜூலையில் ஒன்பது நாளுக்கு 2,600. புரோக்கருக்குக் கொடுத்தது 4,500. கரன்ட் பில் 1,140. ஆக 17,240. வெள்ளையடித்த செலவைச் சேர்க்கவில்லை. குடியிருந்தால் சுவர் அழுக்காகத்தான் செய்யும். மீதி 9,760-ஐ அனுப்பி, ரசீதுகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் போட்டேன்.

ஜூலை 6
தம்பி போன் செய்தார். புரோக்கர் பணத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் வாதாடினார். "நீங்கள் ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் நானே ஆள் பார்த்திருப்பேன், தம்பி" என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி அம்மா" என்றார்.

ஜூலை 10
மாடியில் விளக்கு எரிகிறது. புது ஒப்பந்தத்தில், காலி செய்ய ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஒரு மாத வாடகை என்று மட்டும் எழுதியிருக்கிறோம். நாளை பதிவு.