ஏழு மெகாஹெர்ட்ஸ் பெட்டிக்கு எந்தப் பெருக்கிச் சில்லு?

நேற்று விடியற்காலையில், நானே கட்டிய அமெச்சூர் வானொலிப் பெட்டியில், 7.020 மெகாஹெர்ட்ஸில் ஒரு விசில் கேட்டது. மோர்ஸ் தந்திக் குறியீடு அல்ல. ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல ஏறி இறங்கியது. ஒலியளவைக் கூட்டினால் கரகரத்தது. ஆன்டெனாவைக் கழற்றிப் பார்த்தேன். சற்றுக் குறைந்தது, போகவில்லை. அப்படியென்றால் இரைச்சல் என் பெட்டிக்குள்ளிருந்தே வருகிறது.

போன வாரம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி மாட்டிய பிஏஎம் 8403 ஒலிப்பெருக்கிச் சில்லுப் பலகைதான் காரணம். 5 வோல்ட்டில் ஒரு பக்கத்துக்கு 3 வாட் தரும், சூடாகாது என்று ஆசைப்பட்டேன். ஆனால் அது டி வகுப்புப் பெருக்கி. ஒலியை நொடிக்குச் சுமார் 2,60,000 முறை துண்டு துண்டாக வெட்டித்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும். அப்படி வெட்டும்போது அந்த அதிர்வெண்ணின் மடங்குகளிலும் அலைகள் பிறக்கும். 260 கிலோஹெர்ட்ஸை 27ஆல் பெருக்கினால் 7,020. நான் கேட்க உட்கார்ந்திருந்த அதே இடம்! ஸ்பீக்கர் கம்பியே குட்டி ஒலிபரப்பு நிலையமாகிவிட்டது. சில்லின் மேல் குற்றமில்லை. பாட்டு கேட்கும் பெட்டிக்கு அது அருமையானது. மைக்ரோவோல்ட் அலைகளைத் தேடும் வானொலிக்குள் அதை வைத்தது என் தவறான தேர்வு.

மாலையில் பழைய எல்எம் 386 பெருக்கிச் சில்லை மீண்டும் பற்றவைத்தேன். அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற வானொலிக் கருவியைக் கட்டிய எல்லோருக்கும் பழகிய எட்டுக் கால் சில்லு. இது 'உஸ்' என்று இரையும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த இரைச்சலைப் பெரும்பாலும் நாமேதான் வரவழைக்கிறோம். 1, 8 ஆகிய கால்களுக்கு நடுவே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைப் போட்டால் பெருக்கம் 20 மடங்கிலிருந்து 200 மடங்காகிறது. கூடவே சில்லின் சொந்த இரைச்சலும் ஏறுகிறது. என்னுடையது நேரடி மாற்ற ஏற்பி; வானலையை ஒரே படியில் ஒலியாக மாற்றுவது. அந்த மாற்றத்தைச் செய்யும் எஸ்ஏ 612 கலப்பிச் சில்லுக்குப் பிறகு வேண்டிய பெருக்கம் முழுவதும் ஒலி அதிர்வெண்ணிலேயே கிடைத்தாக வேண்டும். அந்தச் சுமையை முன்னால் ஒரு பிசி 549 டிரான்சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, 386ஐ 20 மடங்கிலேயே நிறுத்தினேன். இரைச்சல் அடங்கியது; மெல்லிய மோர்ஸ் தனியாகப் பிரிந்து கேட்டது. அந்த நிமிடத்தின் மகிழ்ச்சியைக் கட்டிப் பார்த்தவர்களே அறிவார்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். சாதாரண 386க்கு 12 வோல்ட்தான் எல்லை. சார்ஜரோடு இணைந்த ஈய பேட்டரியில் 13.8 வரை ஏறும். எனவே மின்னழுத்தத்தை 9 வோல்ட்டில் நிறுத்தும் 7809 சில்லு ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். வெளியீட்டுக் காலிலிருந்து தரைக்கு (சுற்றின் பொது முனைக்கு) 10 ஓம் மின்தடையும் 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராகப் போடுவதைத் தவிர்க்கவே கூடாது. அவை இல்லாவிட்டால் சில்லு தானாகவே அதிர (ஆசிலேட்) ஆரம்பித்துவிடும்.

டிடிஏ 7052 என்ற பெருக்கிச் சில்லையும் யோசித்தேன். வெளியே ஏறக்குறைய எந்தப் பாகமும் வேண்டாம், 6 வோல்ட்டில் ஒரு வாட்டுக்கு மேல் தரும். ஆனால் அதில் ஸ்பீக்கரின் இரு முனைகளுமே தரையைத் தொடக்கூடாது. நானோ வீடு தூங்கும் நேரத்தில் ஹெட்போனில் கேட்பவன். என் ஹெட்போன் சாக்கெட்டின் ஒரு முனை உலோகப் பெட்டியோடு, அதாவது தரையோடு, சேர்ந்தது.

மோர்ஸ் அனுப்பும்போது 386க்கு வரும் மின்சாரத்தை நான் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் வெளியீட்டு மின்தேக்கி ஒவ்வொரு முறையும் நிரம்பி 'டொப்' என்று காதில் அறையும். அதற்குப் பதிலாக, ஏற்பியின் ஒலியை மட்டும் ஒரு டிரான்சிஸ்டர் முன்னதாகவே தரைக்கு இழுத்துவிடுகிறது. நான் தட்டும் மோர்ஸின் ஒலி அதே 386 வழியாக எனக்குக் கேட்கிறது.

அடுத்து கையடக்கக் கருவி ஒன்று கட்டப்போகிறேன். அங்கே பேட்டரிதான் முக்கியம் என்பதால், எம்சி 34119 பெருக்கிச் சில்லுகள் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். 2 வோல்ட்டிலேயே வேலை செய்யும்; ஒரு காலை உயர்த்தினால் தூங்கிவிடும், அப்போது 65 மைக்ரோஆம்பியர் அளவுதான் இழுக்கும். யாரும் பேசாத நேரத்தில் ஒலியை அடைக்கும் ஸ்குவெல்ச் சுற்றே அதைத் தூங்கவைக்கும்படி அமைக்க வேண்டும்.