தொட்டியில் காய்த்த குட்டைக்கொடி வெள்ளரி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள எங்கள் வீட்டின் பின்புறத்தில் பந்தல் போட இடமில்லை என்பதால், இம்முறை ‘ஸ்பேஸ்மாஸ்டர்’ என்னும் குட்டைக்கொடி வெள்ளரியை இரண்டு தொட்டிகளில் வளர்த்தேன். வழக்கமான வெள்ளரிக்கொடி 2 மீட்டர் வரை ஓடும்; இதுவோ 60 முதல் 90 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது.

அவசரப்பட்டு, இங்கே குளிர்காலம் முடியாத ஆகஸ்டில் ஊன்றிய விதைகள் குளிர்ந்த மண்ணில் அழுகிப்போயின. மண் 20 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறிய அக்டோபரில், 2 சென்டிமீட்டர் ஆழத்தில் நேராகத் தொட்டியிலேயே ஊன்றியவை ஆறாம் நாள் முளைத்தன. வெள்ளரியின் வேர் இடம் மாற்றுவதைப் பொறுக்காது என்பதால் நாற்றுவிடும் வேலையே வைத்துக்கொள்ளவில்லை.

முதலில் பூத்த பத்துப் பன்னிரண்டு பூக்களும் உதிர்ந்தபோது நோயென்றே அஞ்சினேன். உற்றுப் பார்த்தால் அத்தனையும் மெல்லிய காம்புடைய ஆண்பூக்கள். ஒரு வாரம் கழித்துத்தான், சுண்டுவிரல் நுனியளவுப் பிஞ்சொன்றை, மென்மயிர் போர்த்தபடி, தன் அடியில் தாங்கிய பெண்பூ தலைகாட்டியது. தேனீ வராத மழைநாள்களில், காலையிலேயே ஆண்பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்து, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் நானே தடவிவிட்டேன்.

தண்ணீர் குறைந்தால் காய் கசக்கும். இலை நனைந்தே கிடந்தால், இந்தக் கடற்கரை ஈரத்தில் அடிச்சாம்பல் நோய் பற்றும். ஆகவே தினமும் காலையில் வேரடியில் மட்டுமே ஊற்றுகிறேன்.

நேற்றுப் பறித்த நான்கு காய்களில் ஒன்றின் நுனியை நறுக்கி, நுரை வரும்வரை தேய்த்து, “கசப்பு போய்விட்டது” என்றார் ஆயா. அந்தக் காயில் கசப்பு முன்பே இல்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.